கட்டைவிரல் பேச்சு

தங்கச்சிமடம்,
6.1.2025

சிஸ்டர் ஜெர்லின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லீமாரோஸ் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. மணி அடித்தால் செபம், மணி அடித்தால் சாப்பாடு என்று இருப்பவர்களுக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது. பார், இரண்டு வரிக்கு மேல் எனக்கு மரியாதை வரமாட்டேன் என்கிறது. உனக்கு எழுதவே கூடாது என்றுதான் வைராக்கியமாக இருந்தேன். அப்பா விழுந்தபோது உங்கள் மதர் போன் செய்து, ஜெர்லினை அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டார் அல்லவா? வேண்டாம் என்று சொன்னது அம்மா இல்லை, நான்தான். சென்னையில் கிடைத்த வேலையை உதறிவிட்டு நீ மடத்துக்குப் போன அன்று அப்பா உன்னிடம் பேச்சை நிறுத்தினார். ஐந்து மாதத்தில் வாதம் வந்து எல்லோரிடமும் பேச்சு நின்றுபோனது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குக் காது கேட்கிறது, கண் தெரிகிறது, புத்தி முழுத் தெளிவு என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். வாயும் உடம்பும்தான் இல்லை. இடது கை கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் மடங்குகிறது. ஊரோ, சிலுவைமுத்துவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டது. ஆன்டனி ராஜ் சித்தப்பா நம் வள்ளத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி ஊர்க் கமிட்டியில் கேட்டிருக்கிறார். "அண்ணங்கிட்டயே கேட்டேன், சரின்னு தலைய ஆட்டிருச்சு" என்கிறார். அப்பாவின் தலை எந்நேரமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, நீ பூனையை விற்கட்டுமா என்று கேட்டாலும் ஆடும். அம்மா நம்பிவிட்டாள். சித்தப்பா அதைக் கேட்ட நேரத்தில் நான் அப்பாவின் கண்ணைப் பார்த்தேன். அதனால் நான் நம்பவில்லை.

எனக்கு வள்ளம் வேண்டாம். அப்பா மனசில் என்ன இருக்கிறதோ அது அப்பாவிடமிருந்து வரவேண்டும். யாரும் அவருக்காகத் தலையாட்டக் கூடாது.

தனுஷ்கோடியில் நான் கடை போட்டிருப்பது உனக்குத் தெரியும். சுற்றுலா வருகிறவர்களுக்கு செல்ஃபி குச்சியும், படம் எடுக்கிற சின்ன ரிமோட்டும் விற்கிறேன். நேற்று சாயங்காலம் சரக்கைக் கட்டிலில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு ரிமோட் அப்பாவின் கைக்குள் போய்விட்டது. பக்கத்தில் கேமரா திறந்தபடி கிடந்த என் போன் கூரையைப் படம் எடுத்தது. மறுபடியும் எடுத்தது. "அப்பா, வேணும்னேதான் அழுத்துறீகளா? ஆமான்னா ரெண்டு தடவ அழுத்துங்க" என்றேன். இரண்டு படம் விழுந்தது. நான் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பேச முடியாத பிள்ளைகளுக்கென்று காலேஜில் நீ ஒரு புரோகிராம் செய்தாயே, லேப்டாப் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே வரும், வேண்டிய எழுத்து வரும்போது என்டர் தட்டினால் பிடித்துக்கொள்ளுமே, அது அந்தப் பழைய லேப்டாப்பில் இன்னும் இருக்கிறதா? உப்புக்காற்றில் அதன் மவுஸ் பலகை செத்துவிட்டது. யுஎஸ்பி ஓட்டையெல்லாம் துரு. திறந்தால் கருப்புத் திரையில் பெயர் கேட்டு நிற்கிறது. இந்த ரிமோட்டை அதோடு சேர்க்க முடியுமா? முடியும் அல்லது முடியாது, ஒன்று சொல். பிரசங்கம் வேண்டாம்.

லீமாரோஸ்

*

நவகன்னியர் இல்லம்,
திண்டுக்கல் அருகே,
11.1.2025

அன்புள்ள லீமா,

முடியும்.

முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி நீ கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. உன் கடிதத்தை மதர் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். இந்த வருடம் முழுக்க எங்களுக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான், அதுவும் அவர் கண்ணைத் தாண்டித்தான் வரும். கொடுக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "உன் தங்கச்சி எப்பவுமே இப்படித்தான் எழுதுவாளா?" ஆமாம் என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு மாதத்தில் என்னை ஒருவர் திட்டி எழுதியது இதுதான் முதல் முறை. இங்கே யாரும் திட்டுவதில்லை, அது ஒரு தனிக் கஷ்டம்.

அந்தப் புரோகிராம் இருக்கிறது. பெயர் கேட்கும் இடத்தில் jerlin என்று அடி. பாஸ்வேர்டு நம் வள்ளத்தின் பதிவு எண். மவுஸ் வேலை செய்யாதது ஒரு நட்டமே இல்லை, ஏனென்றால் இந்த வேலைக்கு எதையும் தொட்டுக் காட்டவேண்டாம். கட்டளையை எழுத்தாக அடித்து என்டர் தட்டினால் கணினி கேட்கும். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் ஒரு என்டர்.

bluetoothctl
power on
scan on

முதல் வரி அடித்ததும் திரையில் முன்னால் வருகிற எழுத்து மாறும். நீ ப்ளூடூத்தின் வாசலுக்குள் போய்விட்டாய் என்று அர்த்தம். இரண்டாவது வரி அதை விழிக்க வைக்கும். மூன்றாவது வரிக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் காற்றில் பேசுகிற கருவிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருக்கும், இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி, நடுவே முக்காற்புள்ளி. ரிமோட்டின் பெயருக்கு நேராக உள்ள முகவரியைத் தாளில் குறித்துக்கொள். பிறகு pair என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த முகவரி. அது முடிந்ததும் connect என்று அடித்து, அதே முகவரி. கடைசியில் quit அடித்து வெளியே வந்து, pesu என்று அடி. புரோகிராம் பேச ஆரம்பிக்கும்.

ரிமோட்டில் இரண்டு பொத்தான் இருக்குமே, சின்னதை அழுத்தச் சொல். அதுதான் கணினிக்கு என்டர் தட்டியது போலப் போகும்.

அப்பாவைப் பார்க்க வராதது என் தப்பு என்றோ உன் தப்பு என்றோ நான் எழுதப்போவதில்லை, நீ பிரசங்கம் வேண்டாம் என்றிருக்கிறாய். அந்த இரண்டு படங்களையும் அழித்துவிடாதே.

ஜெர்லின்

*

தங்கச்சிமடம்,
18.1.2025

ஜெர்லின்,

உன் கட்டளையும் ஆச்சு, உன் கணினியும் ஆச்சு. மூன்று நாளாக முட்டிப் பார்த்துவிட்டேன்.

உள்ளே போய்விட்டேன். வாசல் மாறியது. scan on அடித்தேன். எதிர்வீட்டு டிவி வருகிறது. பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் வருகிறது, அதற்கு அவன் பொண்டாட்டி பெயர் வைத்திருக்கிறான், அது ஊருக்குத் தெரியாத சங்கதி. யாருடையது என்றே தெரியாத ஒரு கைக்கடிகாரம் வருகிறது. என் கையில், ஒரு சாண் தூரத்தில் இருக்கிற ரிமோட் மட்டும் வரவில்லை. ஆன் செய்ததும் நீல விளக்கு மினுக்குகிறது, பிறகு மினுக்குவது நின்றுவிடுகிறது. சேர்ந்துவிட்டது என்று நினைத்து pesu அடித்தேன். லேப்டாப் "அ வரிசை, க வரிசை" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனது. அப்பா அழுத்துகிறார், அழுத்துகிறார், அதன் காதில் ஏறவில்லை. அவர் நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை அக்கா.

பெட்டியில் இருந்த வேறு ரிமோட்டுகளையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் அதே கதை. சரக்கு மோசம் என்றும் சொல்ல முடியாது, விற்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் என் போனில் போட்டு அழுத்திப் பார்த்துத்தான் கடையில் தொங்கவிடுவேன். கெட்டதை விற்றால் அடுத்த வேன்காரன் எவனையும் என் கடைக்குக் கூட்டிவர மாட்டான். போதாக்குறைக்கு என் போனும் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. இடுப்புப் பையில் சும்மா கிடக்கும்போதே சத்தம் தானாக ஏறி முழுசாக நிற்கிறது. நேற்றுப் பூசை நேரத்தில் மணி அடித்து, சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்து லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அம்மா, "விட்டுருடி, இருக்கிற உசுரையாவது நிம்மதியா வைப்போம்" என்கிறாள். எனக்கும் கை ஓய்ந்துவிட்டது. உனக்கு வேறு வழி தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

லீமா

*

நவகன்னியர் இல்லம்,
23.1.2025

என் அருமை லீமா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் படித்தேன். போனில் சத்தம் ஏறுகிறது என்ற இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு மௌனம். பாத்திரம் வேறு உருண்டது. ஒரு வாரம் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருக்கிறது, சந்தோஷமாகக் கழுவுகிறேன்.

அடி பெண்ணே, உன் போன் கெடவில்லை. சத்தத்தை ஏற்றிக்கொண்டிருப்பது அப்பா!

அந்த ரிமோட் ஒரு நேரத்தில் ஒரே ஒருவரோடுதான் பேசும். முன்பு பழகியவர் பக்கத்தில் இருந்தால், ஆன் செய்த உடனே அவரிடம் ஓடிவிடும். நீ கடையில் ஒவ்வொன்றையும் உன் போனில் போட்டுப் பார்த்தாய் அல்லவா? பெட்டியில் உள்ள அத்தனையும் உன் போனுக்குப் பழக்கம். மினுக்குவது நின்றதும் அது சேர்ந்துவிட்டது, சேர்ந்தது உன் இடுப்பில் இருக்கிற போனோடு. அப்புறம் லேப்டாப் தேடினால் அது எப்படித் தென்படும்? கேமரா திறந்திருந்தால் அந்தப் பொத்தான் படம் எடுக்கும், மூடியிருந்தால் சத்தத்தை ஏற்றும். அப்பா வியர்க்க வியர்க்க அழுத்தியது அத்தனையும் உன் இடுப்புப் பைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு அழுத்தும் வீணாகவில்லை, இடம்தான் மாறிவிட்டது.

செய்யவேண்டியது சுலபம். போனில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து, அந்த ரிமோட்டின் பெயரை மறந்துவிடு என்று கொடு. பிறகு போனில் ப்ளூடூத்தையே அணைத்துவிடு. முடிந்தால் போனை அம்மாவிடம் கொடுத்துக் கடற்கரைக்கு அனுப்பு. அதற்குப் பிறகு ரிமோட்டை ஆன் செய்து, scan on. அது வரும். வராமல் எங்கே போகும்?

அப்பாவிடம் சொல்வாயா, அழுத்தியது சரியாகத்தான் அழுத்தினார் என்று? நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம். நீ சொன்னதாகவே சொல். என் பெயர் வந்தால் அவர் கையை எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஜெர்லின்

*

தங்கச்சிமடம்,
3.2.2025

அக்கா, அக்கா, அக்கா,

வந்துவிட்டது! போனை அம்மா மடியில் கட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனி வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டாள். scan on அடித்துக் கை எடுக்கவில்லை, ரிமோட்டின் பெயர் தானாக வந்து விழுந்தது. pair. பிறகு connect. முகவரியை எழுத்துக் கூட்டி, மூன்று தரம் சரிபார்த்து அடித்தேன். வெற்றி என்று இங்கிலீஷில் வந்தது. நான் அந்தக் கருப்புத் திரைக்கு முத்தம் கொடுத்தேன், சிரிக்காதே.

pesu அடித்தேன். "அ வரிசை" என்றது. "க வரிசை" என்றது. அப்பா கண் விரியக் கேட்டுக்கொண்டே இருந்தார், அவசரப்படவில்லை. ஒரு சுற்று முழுக்க விட்டுவிட்டார். தூண்டில் போட்டவர் அல்லவா, மீன் கொத்தும் வரை கையை அசைக்கமாட்டார். இரண்டாவது சுற்றில் அ வரிசையில் பிடித்தார். அ, ஆ, இ, ஈ என்று போய் உ வந்ததும் ஒரு அழுத்து. அப்புறம் ப வரிசை. ப், ப, பா, பி என்று போனது. முதலில் ஒற்று, பிறகு பு. கடைசியில் லேப்டாப் அந்தத் தகரக் குரலில் சொன்னது: "உப்பு."

முதலில் எனக்குப் புரியவில்லை. அதற்குள் திரும்பி வந்த அம்மாதான் வாசலிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். ரத்தக்கொதிப்பு என்று மூன்று மாதமாக உப்பே போடாமல் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மனுஷனுக்கு வாய் வந்ததும் முதல் வார்த்தை பொண்டாட்டி பெயரா, பிள்ளை பெயரா? உப்பு! அம்மா அழுதுகொண்டே ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தாள். டாக்டரிடம் சொல்லிவிடாதே. நினைவு தப்பியவருக்குக் கஞ்சியில் உப்பில்லாதது தெரியுமா என்று தெரு முழுக்கப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் இரண்டு பிரச்சினை. ஒன்று, கொஞ்ச நேரம் அழுத்தாமல் விட்டால் ரிமோட் தூங்கிவிடுகிறது. பிறகு நான் உட்கார்ந்து connect எல்லாம் மறுபடி அடிக்கவேண்டியிருக்கிறது. இரண்டு, சித்தப்பா. மார்ச் பதினாறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மன்றத்தில் ஊர்க்கூட்டம். அங்கே அப்பாவைக் கூட்டிவருவேன், அவரே சொல்வார் என்றேன். அதற்குச் சித்தப்பா, "லீமா பக்கத்துல நின்னா அவ நினைக்கிறதத்தான் பொட்டி சொல்லும்" என்கிறார். கமிட்டி ஆட்களும் தலையாட்டுகிறார்கள். இதற்கு நீதான் ஒரு வழி சொல்லவேண்டும். உன் பெயரை நான் அப்பாவிடம் எடுக்கவில்லை. எப்படி எடுப்பதென்று தெரியவில்லை.

லீமா

*

நவகன்னியர் இல்லம்,
20.2.2025

என் தங்கமே லீமா,

உப்பு என்ற இடத்தை மதர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். உன் முத்தத்தையும் விடவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் இந்த இல்லத்தில் கடிதம் வராது, போகாது. நீ எழுதுவது அலுவலகத்தில் காத்திருக்கும், ஈஸ்டர் அன்றுதான் என் கைக்கு வரும். ஆகவே கூட்டத்துக்கு முன்னால் இதுதான் என் கடைசிக் கடிதம். கவனமாகப் படி.

தூக்கப் பிரச்சினை என் குறை, ஒரு கட்டளையை எழுத விட்டுவிட்டேன். bluetoothctl உள்ளே போய், trust என்று அடித்து, ஓர் இடைவெளி, ரிமோட்டின் முகவரி. ஒருமுறை அடித்தால் போதும். அதற்குப் பிறகு ரிமோட் தூங்கி எழுந்தால் உன்னைக் கேட்காமல் தானே வந்து சேர்ந்துகொள்ளும். ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்புகிற முதல் அழுத்து எழுத்தாகப் போகாது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தவேண்டும். இதை அப்பாவுக்கு நன்றாகச் சொல்லிவிடு.

இப்போது சித்தப்பா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கோபப்படாதே. நீ பக்கத்தில் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆகவே நீ நிற்காதே. எல்லாம் தயார் செய்து, ரிமோட்டை அவர் கையில் வைத்துவிட்டு, வெளியே போய்விடு. ஊர்த்தலைவர் கயித்தான் மாமா அப்பாவின் காதில் மட்டும் ஒரு கேள்வி கேட்கட்டும். அவர்கள் இருவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியாக இருக்கட்டும். பதில் சரியாக வந்தால் பிறகு வள்ளத்தைப் பற்றிக் கேட்கட்டும்.

trust அடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சோதித்துப் பார். நீ கணினியைத் தொடாமல், அப்பாவே தூங்கவிட்டு அப்பாவே எழுப்பவேண்டும். அன்று எது நடந்தாலும் நீ உள்ளே ஓடிப்போய்த் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. உன்னால் சும்மா நிற்க முடியுமா? எனக்கு அதுதான் கவலை, கணினியைப் பற்றி இல்லை.

நாற்பது நாள் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஜெர்லின்

*

தங்கச்சிமடம்,
17.3.2025

அக்கா,

இது உனக்கு ஈஸ்டருக்குத்தான் வரும் என்று தெரியும். இருந்தாலும் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோம். இப்போது மெதுவாகப் படி.

நாலு பேர் அப்பாவை நாற்காலியோடு மன்றத்துக்குத் தூக்கினார்கள். ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது, அது உனக்குத் தெரிந்ததுதான். நான் லேப்டாப்பைத் திறந்து, மைக்கை அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்து, pesu அடித்து, ரிமோட்டை அப்பா கையில் கொடுத்தேன். சித்தப்பா எழுந்து ஆரம்பித்தார். "நீங்க சொல்ல வேணாம் சித்தப்பா, நானே வெளிய போறேன்" என்று நடந்துவிட்டேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். காற்று விழுந்த படகுப் பாய் மாதிரி தொங்கிவிட்டது.

வெளியே ஜன்னல் ஓரம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். மைக் குழாய் கோயில் சுவரில் இருப்பதால் எங்களுக்கும் எல்லாம் கேட்டது. கயித்தான் மாமா குனிந்து அப்பா காதில் என்னவோ சொன்னார். சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். மனுஷன் எதையும் சுருக்கிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவர் நிமிர்ந்ததும் லேப்டாப் குரல் மட்டும் கேட்டது. அ வரிசை. க வரிசை. ச வரிசை. ஒரு சுற்று முடிந்தது. யாரும் அழுத்தவில்லை. இன்னொரு சுற்றும் அப்படியே போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பேசிய நேரத்தில் ரிமோட் தூங்கிவிட்டது. உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம். "போதும், தூக்குங்கப்பா, பாவம் அண்ணன்" என்கிறார் சித்தப்பா. "அப்பா, மறுபடி அழுத்துங்க" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். கொடுத்திருந்தால் நான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஆகியிருக்கும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரில் நெற்றியை வைத்து நின்றேன். சும்மா நின்றேன் அக்கா. என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றும் செய்ததில்லை.

மூன்றாவது சுற்று. த வரிசை. ந வரிசை. நின்றது!

வெளியே பெண்களிடம் ஒரு மூச்சு. ந், ந, நா, நி, நீ. அழுத்து. பிறகு அ. பிறகு ழு. பெண்கள் எல்லாம் ஒவ்வொரு எழுத்தையும் குழாயோடு சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் தே. லேப்டாப் மொத்தமாகச் சேர்த்து ஊருக்கே கேட்கச் சொன்னது: "நீ அழுதே."

கயித்தான் மாமா மைக்கை எடுத்தார். "ஒரு கொண்டல் காத்துல நானும் இவனும் ராத்திரி பூரா முயல் தீவுல ஒதுங்கிக் கெடந்தோம். அங்கன என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். இவனத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இது சிலுவதான்" என்றார். அவருக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஊர்த்தலைவர் அழுத கதை இப்போது பாம்பன் வரைக்கும் போய்விட்டது.

பிறகு வள்ளத்தைப் பற்றிக் கேட்டார், இந்த முறை உரக்க. அப்பா அவசரப்படவே இல்லை. வ வரிசை பிடித்தபோது எல்லோருக்கும் வள்ளம் என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்பார் என்று நான் நினைத்தேன். ல வரிசையில் நின்றது. லீ.

அக்கா, பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளினாள். "வள்ளம் லீமாவுக்கு" என்றது குழாய். சித்தப்பா எழுந்து கத்தப்போனார். கயித்தான் மாமா கையைக் காட்டி உட்கார வைத்தார், ஏனென்றால் அப்பா இன்னும் முடிக்கவில்லை. வரிசை மறுபடி ஓடியது. "தம்பி ஓட்டட்டும். கூலிக்கு."

ஆண்கள் சிரித்த சிரிப்பில் மன்றக் கூரை போயிருக்கும். தவக்காலம் என்றுகூடப் பார்க்காமல் பெண்கள் குலவை போட்டார்கள். நான் உள்ளே ஓடினேன், ஒருவரும் தடுக்கவில்லை. கமிட்டி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டது. நான் வள்ளத்தை ஒரு நாளும் கேட்கவில்லை, நினைத்ததும் இல்லை. இன்று தூங்கி எழுந்ததும் கரைக்குப் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கினேன்.

சித்தப்பா இன்று காலையிலேயே வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, என்ன செய்யட்டும் என்று கேட்டார். அப்பா அவரை வெயில் ஏறும்வரை காக்க வைத்து எழுத்து எழுத்தாகச் சொன்னார்: "வலையைப் பொத்து." இப்போது வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். நான் டீ கொடுத்தேன், குடித்தார்.

உன் லீமா

*

நவகன்னியர் இல்லம்,
21.4.2025

லீமா, என் வள்ளக்காரி,

நேற்று ஈஸ்டர் பூசை முடிந்ததும் மதர் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு மாதமாக அவருக்குத் தெரியும், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அப்படி ஓர் அடக்கம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. "ஜெயித்துவிட்டோம்" என்ற சொல்லைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் தோட்டக்காரர் ஓடி வந்தார்.

நீ சுவரில் நெற்றியை வைத்து நின்றாயே, அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் எழுதியது சில வரிக் கட்டளை. யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நின்றது நீ. அழுத்தியது அப்பா. எனக்கு உங்கள் இருவரையும் நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். இந்தப் பத்தியை நான் எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். மே மாதம் வீட்டுக்குப் போய்வர எங்களுக்குச் சில நாள் அனுமதி கொடுப்பார்கள். அம்மாவைப் பார்க்கவேண்டும், உன்னைப் பார்க்கவேண்டும். ஆனால் அப்பா வாய் இருந்தபோதே என்னிடம் பேச மறுத்தவர். இப்போது பேச்சு திரும்பி வந்து இத்தனை நாளில் எல்லோரைப் பற்றியும் சொல்லியிருக்கிறார், என் பெயரைச் சொன்னதாக நீ எழுதவில்லை. அவர் எழுந்து தடுக்க முடியாமல் கிடக்கிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்தால், சித்தப்பா செய்ததற்கும் நான் செய்வதற்கும் வித்தியாசமில்லாமல் ஆகிவிடும். அவர் வரச் சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் இங்கிருந்தே சந்தோஷப்படுகிறேன். நீ அவரைக் கேட்கவேண்டாம். கேட்டாலும், கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஜெர்லின்

*

தங்கச்சிமடம்,
29.4.2025

அக்கா,

கேட்கவேண்டாம் என்றாய். நான் கேட்கவில்லை. உன் கடிதங்கள் அத்தனையையும் முதலில் இருந்து அப்பாவுக்கு வாசித்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று நீ எழுதிய இடத்தையும் விடவில்லை. ரிமோட்டைச் சேர்த்தது யார், trust எழுதியது யார், என்னை வெளியே நிற்கச் சொன்னது யார், எல்லாம் இப்போது தெரியும். திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு.

வாசித்து முடித்தும் அவர் ஒன்றும் அழுத்தவில்லை. ரிமோட் தூங்கிவிட்டது. அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தப்புச் செய்துவிட்டோமோ என்று நான் கடைக்குக்கூடப் போகவில்லை. மறுநாள் காலை சித்தப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம், உள்ளே அவராகவே அழுத்தி லேப்டாப்பை எழுப்பிவிட்டார். ஜ வரிசையில் பிடித்ததும் அம்மா அகப்பையோடு வந்து நின்றுவிட்டாள். மத்தியானக் கஞ்சியைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொன்னார். வள்ளம் கரைக்குத் திரும்பிவிட்டது, அவர் இன்னும் முடிக்கவில்லை. நான் ஒரு எழுத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் சொன்னது இது:

"ஜெர்லின். கோபம் போகலை. கடுதாசியில ஏச முடியாது. நேர்ல வா. வாய் நெறைய ஏசணும்."

சொல்லி முடித்துவிட்டு அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் அது சிரிப்புதான், அம்மாவும் பார்த்தாள். அனுமதி கிடைத்ததும் எந்த ரயில் என்று எழுது. ரிமோட்டுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டேன்.

லீமா